கூடு காலியாகும் வரை ஏலம் பொறுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பறவைகள் கணக்கெடுப்பு பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை வகை, எத்தனை ஆயிரம் என்று எழுதியிருந்தீர்கள், சரி. அந்தப் பறவைகளோடு புழங்குகிற எங்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

காவேரிப்பாக்கம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாவட்டம் 2019-ல் பிரிந்து ராணிப்பேட்டை ஆகிவிட்டாலும் எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பி வழிந்து கோடி போன வருஷங்களில் நத்தைகுத்தி நாரைகள் தவறாமல் வந்து இறங்கும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நடவுக்குத் தண்ணீர் கட்டி, சேறாக உழுது சேடை ஓட்டிய கழனியில் நத்தையைத் துழாவி எடுத்து, சதையை மட்டும் உருவிக்கொள்ளும். விடிந்து போனால் வரப்போரம் வெறும் ஓடுகளாகக் கிடக்கும். வரப்பில் வளை போடும் நண்டையும் விடாது. கூடுகள் இருக்கும் பக்கத்து மதகுத் தண்ணீர் பாயும் கழனிக்கு என் அப்பா யூரியாவைக் குறைத்தே போடுவார். எச்சம் கரைந்த தண்ணீரே உரம் என்பார். கொக்குக் கூட்டம் தலைக்கு மேலே போனால் நாங்கள் பத்து விரலையும் நீட்டி, நகத்தில் வெள்ளைப் பூ போடச் சொல்லிக் கத்துவோம். என் பேத்தியும் இப்போது கத்துகிறாள்.

வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டரிடமே முறையிட்டு, 1798-ல் எழுத்தில் உறுதி வாங்கினார்கள். எங்களிடம் அப்படி ஒரு காகிதம் கிடையாது.

போன தை மாதம் ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களை ஏலம் எடுத்தவர்கள் வெட்ட வந்தார்கள். மரங்களில் கூடுகள் இருந்தன. மூன்று மாதம் பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. முதல் மரம் சாய்ந்ததுமே சாம்பல் நிறக் குஞ்சுகள் சேற்றில் விழுந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அலகு நேராக ஒட்டி இருந்தது. அந்தச் சந்து வளர வளரத்தான் விழும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நத்தைச் சதையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தோம். ஏழில் இரண்டுதான் தேறின. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மரம் வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஏல வருமானம் ஊருக்கும் வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கும் பறவைகள் பங்குனிக்குள் குஞ்சுகளோடு பறந்துவிடும். அப்புறம் ஆனி, ஆடியில் ஏரி வற்றிக் கிடக்கும்போது வண்டி உள்ளே இறங்கவும் சுலபம். கூடு காலியான பிறகுதான் வெட்ட வேண்டும் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வெட்டும் முன் ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடுகளைப் பார்க்கட்டும். எந்த மரத்தில் எத்தனை என்று நாங்கள் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரிப்பாசன விவசாயி ஒருவர்,
காவேரிப்பாக்கம் அருகில்.