சுட்டால்தான் நிலைக்கும்: சிற்பப் பட்டறைக்குச் சூளை வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தன் முகத்தைத் தானே பார்த்து வரைவது, அப்புறம் அதே முகத்தைக் களிமண்ணில் செய்வது. எங்கள் பட்டறையில் சொல்லித்தருவது இதுதான். வயது வரம்பில்லை, கட்டணமும் இல்லை. இந்தப் பட்டறைக்கென, களிமண் சிற்பங்களைச் சுட ஒரு மின்சூளை வாங்க உங்கள் உதவி வேண்டும்.

தொடக்கத்தில் கண்ணாடியும் கரித்துண்டும் மட்டும்தான். புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் கண்களை மிக மேலே வரைந்துவிடுவார்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண் இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். பென்சிலை நீட்டிப் பிடித்து, கண்ணாடியில் தெரியும் முகத்தை அளந்து பார்த்த பிறகுதான் "அட, ஆமாம்!" என்பார்கள். தனக்குத் தெரியும் என்று நினைத்த முகத்தை விட்டுவிட்டு எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்கத் தொடங்குவது அங்கேதான்.

எதிரே உட்கார்ந்து காட்டும் மாடலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் டச்சு ஓவியர் வான்கோ தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1484-ல் 13 வயதுப் பையனாக ஜெர்மன் ஓவியர் ட்யூரர் கண்ணாடி பார்த்து வரைந்த தன் படம் இன்றும் இருக்கிறது. 1925-ல் பேருந்து விபத்தில் சிக்கிப் படுக்கையில் கிடந்த மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கும் தலைக்கு மேல் மாட்டிய கண்ணாடிதான் துணை. கையில் எதுவும் இல்லாதவருக்கும் தன் முகம் இருக்கிறது. அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறோம்.

மண்ணுக்கு வந்ததும் வேலை கூடுகிறது. படத்தில் ஒரு பக்கம் வந்தால் போதும். சிற்பத்தில் காதின் பின்புறம், பிடரி, தாடையின் அடி எல்லாமே வர வேண்டும். கண்ணாடிக்கு எட்டாததை விரல் தடவித் தெரிந்துகொள்ளும். வேறு எந்த மாடலையும் இப்படி வேண்டிய மட்டும் தொட்டுப் பார்க்க முடியாது. பார்வையற்றவர்களும் இந்தப் பயிற்சியில் சேரலாம் என்று நாங்கள் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

காதை ஒட்டும்போது இரண்டு பரப்பையும் கீறிக் கூழ்மண் தடவி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது கழன்றுவிடும். மண் ஓரளவு இறுகியதும் தலையைக் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவரை 2 செ.மீ. அளவுக்கு மெலிதாக்கி மறுபடி ஒட்டுகிறோம். பிறகு பொறுமையாக உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் அது நீராவியாகிச் சிற்பத்தையே வெடிக்க வைத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகு சுடுவதற்குத்தான் எங்களிடம் வழியில்லை. காய்ந்த மண் தலையைத் தூக்கிக்கொண்டு வெளிச் சூளைக்குப் போனால் வழியிலேயே மூக்கோ காதோ போய்விடுகிறது. சுடாமல் வைத்தாலோ தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் இப்போதைக்குப் படம் எடுத்துவிட்டு, மண்ணை மறுபடி தொட்டியில் போட்டுவிடுகிறோம். மண் வீணாவதில்லை, சரி. ஆனால் வாரக்கணக்கில் தன் முகத்தோடு மல்லுக்கட்டியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

வாங்கும் சூளைக்குள் ஒரு மனிதத் தலை அளவுச் சிற்பம் தாராளமாக நிற்க வேண்டும், 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும், சூட்டைப் படிப்படியாக ஏற்றும் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். சிறிய சூளை மலிவாகக் கிடைத்தாலும் நமக்குப் பயன்படாது. வாங்கும் சூளைக்கான தனி மின்இணைப்பும் புகைபோக்கியும் இந்தச் செலவில் சேரும்.

பொருளாகவும் தரலாம். நிலைக்கண்ணாடி, சுழல்மேசை, அளவெடுக்கும் கவராயம் எல்லாம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. முகக்கவசம் மட்டும் புதிதாக, நல்ல தரத்தில் வேண்டும். காய்ந்த களிமண் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், அதில் நாங்கள் சிக்கனம் பார்ப்பதில்லை.

எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் பட்டறைச் சுவரில் ஒட்டுகிறோம். சூளைக்கென வந்த பணத்தை, கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறு எதற்கும் எடுக்கமாட்டோம். பெயர் வேண்டாம் என்பவர்கள் ரசீது வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பணம் தருபவர்கள் பொருளாளரையும், பொருள் தருபவர்கள் பயிற்சி நடக்கும் நேரத்தில் பட்டறைப் பொறுப்பாளரையும் பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்