பாட்டுக்கு எதற்குக் காணி உறுதி?

அட்டன், இலங்கை

அன்புள்ள சுப்பு,

கடிதம் கிடைத்தது. கோத்தகிரியிலும் மழைதானா? இங்கே விடாமல் பெய்கிறது. மூத்தவளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷம்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பாட்டிமாரிடம் நான் பதிவு செய்த பாட்டுகளுக்கு என் பெயரில் பதிப்புரிமை போடச் சொல்கிறாய். அக்கறையில்தான் சொல்கிறாய், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கொஞ்ச நாளாக லிபர்டேரியன்களை, அதாவது தனிமனித சுதந்திரமே பெரிது, அரசு அதில் தலையிடக் கூடாது என்பவர்களை, வாசிக்கிறேன். சொத்துரிமைதான் அவர்களுக்கு உயிர். அவர்களில் ஒருவரான ஸ்டீபன் கின்செல்லா என்ற அமெரிக்க வழக்கறிஞரே, பதிப்புரிமை சொத்தே இல்லை என்று 2001இல் எழுதினார். ஒரே துண்டுக் காணியில் நாம் இருவரும் வீடு கட்ட முடியாது. அதனால் அது யாருடையது என்று தீர்க்க வேண்டியிருக்கிறது. என் பாட்டை நீ பாடினால் என்னிடமிருந்து எது போனது? உன் தொண்டையின் மேலும் உன் தாளின் மேலும் எனக்கு அதிகாரம் கொடுப்பதுதான் அந்தச் சட்டம் என்கிறார்.

அவர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. லைசாண்டர் ஸ்பூனர் 1855இலேயே, எண்ணம் என்றென்றைக்கும் எண்ணியவன் சொத்து என்றார். அயன் ராண்டும் மூளை உழைப்புக்கு உரிமை கேட்டார், காலவரையறையோடு. உழைத்தவனுக்கு உரிமை என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. காட்டை வெட்டித் தோட்டமாக்கிய நம் தாத்தாமாருக்கு ஒரு பேர்ச் மண்ணாவது கிடைத்ததா? உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் பிரிட்டிஷ் முடிக்குரியது என்றது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அங்கிருந்து வெள்ளைக்காரத் துரைமார் கைக்குப் போயின. அரசு எழுதித் தரும் காகிதம் யாரை உடைமைக்காரனாக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

பதிப்புரிமையும் அப்படி ஒரு காகிதம்தான். இங்கிலாந்தில் 1710இல் புதுப் புத்தகத்துக்கு 14 வருடம் கொடுத்தார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆசிரியர் இறந்த பிறகும் 70 வருடம். நாட்டார் கலைகளுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு, ஆனால் அனுமதி கொடுப்பது அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரி. பாடிய கிழவியை யார் கேட்பது?

அவள் பெயரை மறைத்துத் தன் பாட்டு என்று ஒருவன் விற்றால், அது ஏமாற்று. அதை எதிர்க்கப் பதிப்புரிமை தேவையில்லை. பாடியவர் சம்மதித்தால் பெயரும் தோட்டமும் போட்டு எல்லாவற்றையும் பொதுவில் வைக்கப் போகிறேன்.

அப்புறம், மாசியில் நாம் ஆடும் காமன்கூத்தில், மன்மதனை இழந்து ரதி புலம்பும் பாட்டில் சில அடிகள் இங்கே யாருக்கும் ஞாபகமில்லை. நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய நம் ஆட்கள் அங்கே இருப்பார்களே, கேட்டுப் பதிவு செய்து அனுப்பு. மாசிக்கு முன்னால் வேண்டும்.

உன்
ராமு