உ-வில் தொடங்கும் நட்சத்திரம்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. போனில் கதைத்தால் அவ பக்கத்தில் நின்று காது குடுப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு வேலை கிடைத்தால் ஐந்து கோயிலில் அர்ச்சனை செய்விப்பதாக அம்மா நேர்த்தி வைத்திருந்தது உனக்குத் தெரியும். நீ செய்தி சொன்ன அன்றே வெளிக்கிட நின்றா. முழங்கால் விடவில்லை. கடைசியில் ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதி என் கையில் தந்து, "ஒரே நாளில முடிச்சுக்கொண்டு வாங்கோ, இழுத்தடிக்காதேங்கோ" என்றா. நேற்று வெள்ளிக்கிழமை, போனேன்.

40 வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன். கோயிலுக்குத் தனியாகப் போனது நேற்றுத்தான். இவ்வளவு நாளும் என் வேலை, அம்மாவுக்குப் பின்னால் கூடை காவுவதும் செருப்புக்குக் காவல் நிற்பதும்தானே. அவ சிலிப்பர் போடச் சொன்னா. தூரம் நடக்க வேண்டும் என்று நான் சப்பாத்துப் போட்டேன். போன இடமெல்லாம் குனிந்து நாடா அவிழ்த்து, திரும்பக் குனிந்து கட்டி, முதுகு போய்விட்டது. சேட்டையும் கழற்றி, அதன் பொக்கற்றில் இருந்த கண்ணாடியையும் தாளையும் விழாமல் பிடித்து, மற்றக் கையில் தட்டு. ஆண்பிள்ளைக்குக் கோயிலில் இரண்டு கை போதாது.

முதலில் நம்முடைய மயூரபதி பத்திரகாளி அம்மன். குருக்கள் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம்?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு வாய் திறந்தபடி நின்றேன். தாளைப் பார்த்தேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, தேங்காய் எத்தனை, எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. பெற்ற தகப்பனுக்கு அதையும் எழுதித் தர வேண்டும் என்று அவ நினைத்திருக்கமாட்டா. பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். "சரி, சுவாமி பேருக்குச் செய்வம்" என்று குருக்களே என்னைக் காப்பாற்றினார்.

அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவா. உன்னைக் கேட்கலாம் என்றால் கனடாவில் இரவு.

100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே யோசித்தேன். நீ பிறந்த அன்று ஆச்சி பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னது 'உ'வில் தொடங்கும் என்று ஞாபகம் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு. பம்பலப்பிட்டியில் இறங்கி வஜிராப் பிள்ளையாரிடம் போய்த் துணிந்து "உத்தரம்" என்றேன். ஐயர் விடவில்லை. "சிங்கமோ கன்னியோ?" என்றார். கன்னி என்றேன். வெளியே வந்து உடைத்த தேங்காய் இரண்டு தரம் உருண்டு ஓடி, மூன்றாம் தரம்தான் சிதறியது. பிள்ளையாருக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

பிறகு புறக்கோட்டை. செட்டியார் தெருவில் நகைக்கடை வாசலில் நிற்கும் பெடியன்கள் என்னையும் "வாங்கோ ஐயா" என்று கூப்பிட்டார்கள், கையில் அர்ச்சனைத் தட்டோடு போகிற கிழவனை! அங்கேதான் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் இரண்டும், நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கட்டியவை. ஆடிவேல் திருவிழாவுக்கு இங்கிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது, காலி நகருக்குப் போகும் வீதியில் என் தோளில் இருந்து பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கத்துக் கோயில். இதற்குள் 'உ'வில் உத்திராடமும் இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. முருகனிடம் அதைச் சொன்னேன்.

கொச்சிக்கடைக்கு நடந்தே போனேன். அந்தோனியார் கோயிலைக் கடக்கும்போது அம்மாவுக்காக ஒரு நிமிடம் நின்றேன். முந்தி செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்த வருவா. 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த வாசலைச் சும்மா கடந்து போக எனக்கும் முடிவதில்லை.

பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் நுழைந்ததும் சத்தம் அறுந்து போனது. வெளியே லொறியும் தார் வெயிலும். உள்ளே முழுக்கக் கருங்கல், இருட்டு, எண்ணெய் மணம். கால் சுட்டுக்கொண்டு வந்தவனுக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சி உச்சி வரை ஏறியது. 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை இப்படிக் கல்லால் திருப்பிக் கட்டினார். தகப்பன் தொடங்கியதை மகன் எடுத்துச் செய்திருக்கிறார். இங்கே ஒரு தகப்பனுக்கு மகளின் நட்சத்திரம் தெரியவில்லை. தூணில் சாய்ந்து இருந்தேன். மத்தியானப் பூசை மணி அடித்தபோதுதான் எழும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், 40 வருடத்தில் இந்தக் கோயிலை நான் பார்த்ததே நேற்றுத்தான். கூடை காவுகிறவன் கண்ணில் கூடைதான் படும்.

அங்கே "உத்திரட்டாதி" என்றேன். 'உ'வில் அதுவும் இருக்கிறதே, பிள்ளை.

அதோடு நடை சாத்திவிட்டார்கள். ஒரு சைவக் கடையில் சோறு தின்று, பிளேன்டீ குடித்து, நாலு மணி வரை புறக்கோட்டையில் திரிந்தேன். ஐந்தாவது, ரயில் தண்டவாளப் பக்கம் இருக்கிற கப்பித்தாவத்தைக் கைலாசநாதர். கொழும்பில் மிகப் பழைய கோயில் என்று அம்மா அடித்துச் சொல்லுவா. வாசல் வரை போனேன். சப்பாத்தைக் கழற்றினேன். மூன்று கோயிலில் மூன்று நட்சத்திரம் சொன்னவன், இங்கே போய் எதைச் சொல்வது? கும்பிட்டுவிட்டு அர்ச்சனை செய்யாமல் திரும்பி வந்தேன்.

வீட்டுப் படியில் நின்று, கொச்சிக்கடைத் திருநீற்றுப் பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து மடித்தேன். அம்மா ஐந்தையும் எண்ணி வாங்கிச் சாமிப் படத்துக்கு முன் வைத்தா. கடைசிப் பொட்டலத்தை மட்டும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தா. ஒன்றும் கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை, நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைலாசநாதரிடம் போவேன். அதற்குள் உன் நட்சத்திரத்தை அனுப்பு. ராசியையும் சேர்த்து. என் போனுக்கு.

அன்புடன்,
அப்பா