பறக்கும் நேரம் வேறு, போய்ச் சேரும் நேரம் வேறு

அன்புள்ள மகளுக்கு,

லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 6 மணி 10 நிமிடம் என்று இணையத்தில் பார்த்ததாகவும், டிக்கெட்டில் 8 மணி நேரம் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த 6:10 வெறும் வகுத்தல் கணக்கு. 5,540 கிலோமீட்டரை மணிக்கு 900 என்ற வேகத்தால் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகத்தில் போவதில்லை. அதற்கு அரை மணி சேர். ஓடுபாதை வரை ஊர்ந்து போய் வரிசையில் நிற்க 20 நிமிடம், இறங்கியபின் நிறுத்துமிடம் போக 10 நிமிடம். 7:10 ஆகிவிட்டதா? டிக்கெட்டில் போடுவது விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடும் வரை உள்ள நேரம்.

மிச்சம் காற்றின் வேலை. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் உண்டு, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. சராசரியாக 100 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள். வேகம் 800 ஆகிறது, வகுத்தால் 6:10-க்குப் பதில் 6:55. இந்த முக்கால் மணியை 7:10-உடன் சேர்த்தால் ஏறக்குறைய 8 மணி. திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளும், 1,000 கி.மீ. வேகத்தில் 5:32. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பது இதனால்தான்.

தூரத்தைச் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதே. 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை கிடைத்தால் ஒரு நூல் போதும். ஒரு முனையை லண்டன் மேல் விரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழு. நூல் தானாகவே வடக்கே நழுவி, கனடாவின் கிழக்கு ஓரத் தீவான நியூஃபவுண்ட்லாந்து மேலாகப் போய் நிற்கும். சுமார் 13 செ.மீ. இருக்கும். அந்த உருண்டையில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ., பெருக்கிப் பார். கணினியில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு இடத்தில் சறுக்கும். லண்டனின் அட்சரேகை 51 பாகை (டிகிரி) 30 கலை என்பது 51.5, 51.30 அல்ல; ஒரு பாகைக்கு 60 கலை. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி வேண்டும். அதை விட்டால் நியூயார்க் கிர்கிஸ்தானுக்குப் போய்விடும்!

நூல் காட்டும் பாதையிலேயே விமானம் போகும் என்றும் இல்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 9 மணி சொச்சத்திலிருந்து 13 மணியாக நீண்டது. ஊர்கள் இடம் மாறவில்லை, வழிதான் மாறியது.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துவிடாதே, இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி 8 மணி நேரம் பயணித்தால் நியூயார்க்கில் பிற்பகல் 2. வித்தியாசம் 5 மணி. ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அது 4 ஆகிவிடும்; இரு நாடுகளும் கடிகாரத்தை மாற்றும் தேதி வேறு வேறு. அந்த வாரங்களில் பயணம் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்.

நடுவில் ஒரு ஊரில் மாறிப் போவதென்றால் காத்திருப்பு மட்டும் கூடுதல் இல்லை. ஏறி இறங்கும் அரை மணியும் தரையில் ஊரும் நேரமும் இன்னொரு முறை வரும். உன்னை அழைத்துப் போக வருகிறவரிடம் டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சொல்லாதே. குடியேற்ற வரிசை, பெட்டி வர ஆகும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி தள்ளியே சொல்.

அன்புடன்,
அப்பா