ஆடு வளர்ப்போர் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது, சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள். இந்த வருஷம் நான் சொல்ல வேண்டியதெல்லாம் குடற்புழுவைப் பற்றித்தான்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முடிந்த கையோடு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பட்டிகளில் ஆடுகள் அடுத்தடுத்து விழுந்தன. கழிச்சலே இல்லையே, புழுவாக எப்படி இருக்கும் என்று பலரும் கேட்டீர்கள். ஹீமாங்கஸ் என்கிற இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைக் காட்டாது. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கிறது என்றால், ஆயிரம் புழு சேர்ந்தால் தினமும் 50 மில்லி, 20 கிலோ ஆட்டுக்கு உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டர் ரத்தம்கூட இருக்காது. செத்த ஆடு ஒன்றை மிருகாஸ்பத்திரி டாக்டர் நம் முன்னாலேயே அறுத்தார். வயிற்றின் உள்சுவரில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்துண்டுகள் மாதிரி புழுக்கள், சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேலேயே போடும். அது புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் குஞ்சுப்புழுவாகி, பனி நனைந்த புல்லில் ஏறி நிற்கும், அடுத்த ஆடு மேயும்போது உள்ளே போய்விடும். வெள்ளாட்டிலிருந்து செம்மறிக்கும் இப்படியே போகும். ஆளியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால்கரையில் விடிந்ததும் ஆட்டை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான், வெயில் ஏறிப் பனி காயட்டும், புல்லை ஒட்ட மேயவும் விடாதீர்கள்.

அப்புறம் மருந்து. கண்ணளவில் எடை போட்டுக் குறைவாக ஊற்றினால் சாகாமல் தப்பிக்கிற புழுதான் பெருகும், பிறகு அந்த மருந்து அந்தப் பட்டியில் வேலை செய்யாது. கடைக்காரர் சொன்ன அளவை விடுங்கள், டாக்டரிடம் கேளுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுவதும் அதே கெடுதல்தான். தென்னாப்பிரிக்காவில் செம்மறிக்கென்று உண்டாக்கிய ஃபமாச்சா அட்டையை வெள்ளாட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம்: கீழிமையை இழுத்து, உள்நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து. தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கிவிட்டதா, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கி வரும் ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் தனியாகக் கட்டிப்போட்டு, மருந்து கொடுத்து, புழுக்கையைச் சோதித்த பிறகே சேர்ப்பது என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. சங்கச் செலவில் ஒரு தொங்கு தராசு வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன்.