கிட்டாரைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் இல்லை. கோபமாக இருப்பாய், இரு. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு.

அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. 18 நாள் மருத்துவமனை வாசம். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார், பழையபடி எல்லோரையும் அதட்டுகிறார். பெரியக்கா நலம். சின்னவன் பத்தாவதுக்குப் போயாயிற்று. வாத்தியாரைப் பார்த்தேன், உன்னை இன்னமும் ‘அந்தச் சத்தக்காரன்’ என்றுதான் விசாரிக்கிறார். மற்றபடி எல்லாரும் சுகம்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ராத்திரித் துணைக்கு நான்தான் இருந்தேன். ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். அப்பா வலியில் முனகிக்கொண்டே கண்ணை மூடியிருந்தார். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குத் துணையாக வந்திருந்த பையன் சுவரில் சாய்ந்து, காதில் இயர்போனோடு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கவனித்ததும் ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினான். ஒயர் குட்டை. அவன் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார முடிந்தது.

பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. வில் போட்டு இழுக்கிற ஏதோ வாத்தியம். வயலின் மாதிரியும் இல்லை, செல்லோ மாதிரியும் இல்லை, மணலை வாரி இறைத்த மாதிரி ஒரு சொரசொரப்பு. அதன்மேல் ஒரு குரல். அது மனிதக் குரல்தானா என்றே முதலில் பிடிபடவில்லை. அடித்தொண்டையில் உரசி, மார்புக்கூட்டை அதிரவைத்து வருகிற குரல். கீழே டிரம்ஸும் கிட்டாரும் நீ சொல்வாயே, ‘வயித்துல அடிக்கணும்’ என்று, அப்படி அடித்தன. இத்தனை நாள் பயத்தில் இறுகிப்போயிருந்த என் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அந்தப் பையனிடம், நீ கேட்கிற அந்த முரட்டு ராக்கை நினைத்துக்கொண்டு, நான் கேட்ட முதல் கேள்வி, “இது மெட்டலா?” சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

‘தி ஹூ’ என்று பெயர். மங்கோலியாவில், உலான்பாத்தரில் 2016-ல் தொடங்கிய குழு. ஹூ என்பது அவர்கள் மொழியில் மனிதன் என்ற சொல்லின் வேராம். தங்கள் இசைக்கு, அந்தப் புல்வெளியின் பழங்காலப் பேரரசு ஒன்றின் பெயரால், ‘ஹுன்னு ராக்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 2018-ல் ‘யுவே யுவே யு’, ‘வுல்ஃப் டோட்டம்’ என்று இரண்டு பாட்டை யூடியூபில் ஏற்றினார்கள். ஆல்பம் ஒன்றுகூட வராத நேரத்தில் அவை உலகம் சுற்றிவிட்டன. மறு வருஷம் முதல் ஆல்பம், ‘தி கெரெக்’. கெரெக் என்றால் செங்கிஸ் கான் காலத்தில் தூதர்கள் கையில் கொண்டுபோன பட்டயம். அதைக் காட்டினால் வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள். முதல் ஆல்பத்துக்குப் பெயர் வைத்த அழகைப் பார்!

உனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் இருந்தால் அதற்குக் காரணம் நான்தான், அதுவும் எனக்குத் தெரியும். உன் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் 1991 கருப்பு ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து, மொட்டைமாடிக்கு என்னை இழுத்துப் போய் ‘சாட் பட் ட்ரூ’ போட்டாய். நான் பாதியிலேயே எழுந்து கீழே போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் போட்டுக் காட்டியதில்லை. அந்தப் பாட்டை இந்த ஹூ குழுவினர் 2020-ல் மங்கோலிய மொழியில் பாடியிருக்கிறார்கள். போன வாரம் தேடிப்பிடித்துக் கேட்டேன், அப்புறம் மெட்டாலிகாவுடையதையும் கேட்டேன். இரண்டையும் முழுசாக. அன்றைக்கு நீ என்ன கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் எனக்குக் கேட்டது.

இதுதான் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிற சங்கதி, பொறுமையாகப் படி. ஹூ குழுவினர் பாடும் முறைக்கு ஹூமி என்று பெயர். குரல்நாண் ஒரே சுருதியைப் பிடித்து நிற்கிறது. எந்தச் சுரத்துக்குள்ளும் மேல் சுரங்கள் பல ஒளிந்திருக்கும் இல்லையா, நாக்கையும் உதட்டையும் வாய்க்குள் நகர்த்தி அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கி வெளியே இழுக்கிறார்கள். ஒரே தொண்டையில் கீழே சுருதி, மேலே சீழ்க்கை. இன்னொரு வகைக்குக் கர்கிரா என்று பெயர். அதில் குரல்நாணுக்கு மேலே உள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன, ஆனால் பாதி வேகத்தில். அதனால் பாடுகிறவன் பிடித்த சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரம் கேட்கிறது.

இப்போது உன் கிட்டாருக்கு வா. பவர் கார்டு என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினாயே, ஸவும் பவும் மட்டும். அதை டிஸ்டார்ஷன் பெடல் வழியாக, அதுதான் ஒலியைச் சிதைத்து முரடாக்குகிற அந்தப் பெட்டி வழியாக, விட்டால் யாரும் வாசிக்காத கீழ் ஸ்தாயி ஸ தானாக வந்து நிற்கிறது. இரண்டு சுரமும் ஒன்றோடொன்று மோதி மூன்றாவதைப் பெற்றுப் போடுகின்றன. பெடல் பண்ணுகிற வேலையை அந்த மேய்ச்சல் நிலத்து ஆட்கள் வெறும் தொண்டையில் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள், மாப்ளே! நாட்டுப்புற வாத்தியத்தை மெட்டலில் சேர்த்த எத்தனையோ பேரைப் பற்றி நீ சொல்லியிருக்கிறாய். 1996-ல் வந்த ஆல்பத்துக்காக பிரேசில் மெட்டல் குழு செபுல்டுரா அந்த நாட்டுப் பழங்குடிகளான ஷவாந்தே மக்களிடம் போய் அவர்களோடு பதிவு செய்த கதையை நீ நின்றபடியே ஒரு மணி நேரம் சொன்னது நினைவிருக்கிறது. அங்கே இரண்டு இசை சந்தித்தன. இங்கே எனக்கு இரண்டு இருப்பதாகவே தோன்றவில்லை.

அந்த வில் வாத்தியத்தையும் தேடிப் பார்த்தேன். மோரின் ஹூர். கழுத்தின் உச்சியில் குதிரைத் தலை செதுக்கியிருக்கும். இரண்டே நரம்பு, மரபுப்படி இரண்டும் குதிரை வால் முடி. ஆண் குதிரையின் முடி 130 சேர்ந்தால் ஒன்று, பெண் குதிரையின் முடி 105 சேர்ந்தால் இன்னொன்று. நரம்பைக் கட்டைமேல் அழுத்துவதில்லை, விரல் பக்கவாட்டில் தொட்டு நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் திரும்ப முதலிலிருந்து கேட்டேன்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். 2022-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் பல பாட்டுகள் ஒரே குதிரை நடை, அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிகிறது. டிரம்ஸ் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கலாம். ஆனால் அதிலிருக்கும் ‘பிளாக் தண்டர்’ பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

‘யுவே யுவே யு’வில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? எவ்வளவு விசித்திரம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தின்று குடித்துக் கிடந்துகொண்டு, பாட்டன் பெயரைச் சும்மா சொல்லித் திரிகிறோமே என்று தங்கள் சனங்களையே வைகிறார்கள். நான் ஏதோ வீரப்பாட்டு என்று நினைத்துத்தான் பொருள் தேடப் போனேன். நமக்கும் உறைக்கிற வசவு.

அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். பயந்துகொண்டேதான். சினிமாப் பாட்டு காதில் விழுந்தாலே ‘அதை அணை’ என்கிறவர். கண்ணைத் திறக்காமல் முழுப் பாட்டும் கேட்டார். கடைசியில், “சுருதி அசையவே இல்லடா. யாரு பசங்க?” என்றார். அன்று ராத்திரி அவர் கேட்டது வலி மாத்திரை இல்லை, இன்னொரு பாட்டு. மூன்று போட்டேன். நாலாவதில் தூங்கிவிட்டார்.

சரி, இப்போது நான் நிஜமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடைசியாகப் போனில் பேசினபோது, கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன், பெட்டி இடத்தை அடைக்கிறது, இந்த வயதில் இதெல்லாம் என்ன என்றாய். நானும் ‘ம்’ கொட்டினேன். அந்த ‘ம்’தான் எட்டு மாதமாக என்னை அறுக்கிறது. உன் குரல் அன்றைக்குச் சரியாக இல்லை. வேலையில் என்ன பிரச்சினை, வீட்டில் என்ன பிரச்சினை, எதையும் நான் கேட்கவில்லை. அப்பா விழுந்தது அதற்கு அடுத்த வாரம், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். நீ ராத்திரி வாசித்துவிட்டுப் படுத்தால் மறுநாள் வேறு ஆளாக வருவாய், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது உனக்கு என்னவாக இருந்தது என்பது அந்த மருத்துவமனை ராத்திரிக்குப் பிறகுதான் எனக்கு உடம்பில் புரிந்தது. கொடுக்காதே மாப்ளே. கொடுத்துவிட்டாய் என்றால் யாரிடம் என்று சொல், நானே போய்க் கேட்டு வாங்கி வருகிறேன்.

வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை உன்னிடம் வருகிறேன். பெரியக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். என்ன பிரச்சினையானாலும் அன்றைக்கு உட்கார்ந்து பேசலாம், ஒன்றையும் மறைக்காதே. கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கும், புதுசு மாற்றி வை. ஆறையும் ஒரு முழு சுரம் கீழே இறக்கி வை, ‘சாட் பட் ட்ரூ’வுக்கு அதுதான் சுருதி என்று நீ அன்றைக்குச் சொன்னாய். இந்தத் தடவை முடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உன்,
ஒல்லி