மூச்சைப் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்காக

கோவளம், விழிஞ்ஞம் கரையில் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றோடு முங்கும் தொழில், நடத்தும் சேட்டன்மாருக்கு வணக்கம்.

நான் இனயத்துக்காரன். களியக்காவிளையில் பஸ் மாறி உங்கள் கரைக்கு வேலைக்கு வருபவன். என் அப்பா சிப்பி எடுக்க முங்குபவர். இடுப்பில் வலைப்பை, கையில் உளி, நெஞ்சு நிறைய மூச்சு. அவருடைய தளவாடம் அவ்வளவுதான். "மக்கா, மேலே வரும்வரை மூச்சை விடாதே" என்பது அவரிடம் நான் கற்ற முதல் பாடம். உங்கள் தொழிலில் உதவியாளாகச் சேர்ந்த வாரத்தில் அந்தப் பாடமே என் உயிரைக் குடிக்கப் பார்த்தது.

எந்தப் படகு என்று சொல்லப்போவதில்லை. காலையில் ஒரு சுற்று போய்வந்த சிலிண்டரை நிரப்பாமலே என் முதுகில் ஏற்றிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பார் என்றால் கடலடிப் பாறை; சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜில் ஓடும் பார் என்ற அளவு என்னவென்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் காற்று கனக்கத் தொடங்கியது, அடைத்த குழலில் இளநீர் உறிஞ்சுவது போல. இன்னும் இரண்டு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு மேல்நோக்கி உதைத்தேன். பயிற்சியாளர் என் கால்துடுப்பைப் பிடித்து இழுத்து, தன்னுடைய மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது தன் சிலிண்டரிலிருந்து வரும் உபரி வாய்க்குழலை, என் வாயில் திணித்தார். திணித்த வேகத்தில் உதடு கிழிந்தது. அந்தத் தழும்பை இன்றும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அப்பா கரைக்காற்றைக் கொண்டுபோகிறார். பத்து மீட்டரில் அது பாதியாகச் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே விரிகிறது. சிலிண்டர் தரும் காற்றோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நெஞ்சை நிறைக்கிறது. அதை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காகும். நெஞ்சுக்கூட்டில் அதற்கு இடம் ஏது? நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சடக்கி எழுந்தாலே இது நேரலாம்.

"கடலில் பிறந்த பிள்ளைகள்" என்று பாராட்டித்தான் எங்கள் பையன்களைச் சேர்க்கிறீர்கள். ஊர்க்காரன் பழகியது வேறு முங்கல் என்பதை மறந்துவிடுகிறீர்கள். காற்று தீர்ந்தால் கூட முங்கும் துணைவரின் ஆக்டோபஸ்தான் முதல் வழி. அதைக் கவ்விக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்தபடி மெல்ல ஏற வேண்டும். துணைவர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலேயே வைத்து, தலையை நிமிர்த்தி, விடாமல் "ஆ" என்று மூச்சை விட்டபடி நீந்தி எழ வேண்டும். தொடக்கப் பயிற்சியில் 6 முதல் 9 மீட்டர் தூரத்துக்கு இதைப் பழக்குகிறார்கள். ரெகுலேட்டரைத் துப்பிவிடக் கூடாது. மேலே ஏற ஏற நீரின் அழுத்தம் குறைவதால், தீர்ந்துபோன சிலிண்டரே ஒன்றிரண்டு மூச்சு தரக்கூடும். முதலில் கேட்டபோது இதை நான் நம்பவில்லை. மிதக்கவிடாமல் அமிழ்த்தும் எடை பெல்ட்டைக் கழற்றி எறிவது வேறெதுவும் கைகொடுக்காதபோதுதான். அதன்பிறகு வேகம் நம் கையில் இல்லை. ஒரே ரெகுலேட்டரை இருவர் மாற்றி மாற்றிக் கவ்வும் பழைய வித்தையை, பதறுகிற விருந்தினரிடம் காட்டவே வேண்டாம்.

படகில் புகைப்படத்துக்கு எப்படிச் சிரிப்பது என்று விளக்குகிறீர்கள். கழுத்தை அறுப்பது போலக் கையை வீசினால் "காற்று இல்லை" என்று பொருள் என்பதையும் அதே மூச்சில், தமிழிலும் மலையாளத்திலும் சொல்லுங்கள். குதிக்கும் முன் இருவரும் ஒருவர் கேஜை ஒருவர் படித்துச் சொல்லட்டும்: 200 பார் இருக்கிறதா, 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிடுகிறோமா? அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் பெட்டியின் மேல் மீன்குழம்புப் பாத்திரத்தை அடுக்காதீர்கள். ஒரு படகில் அதையும் பார்த்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் என் தம்பி உங்களிடம் வேலை கேட்டு வருவான். சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீச்சல்குளத்தில் இடுப்பளவு நீரில் முங்கவைத்து, பக்கத்திலேயே இருந்து சிலிண்டர் வால்வை மூடிப் பாருங்கள். ஆக்டோபஸைத் தேடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், மறுநாளும் அவனுக்கு அதே இடுப்பளவு நீர்தான்.

இப்படிக்கு,
ஒரு சிப்பிக்காரன் மகன்